அந்தக் கீறலைத் துடைக்காதீங்க

போன செமஸ்டர் ரெண்டாவது ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு பொண்ணோட முகத்துல இருந்த ரத்தத்தைத் துடைச்சுடுச்சு. நாங்க துடைக்கச் சொல்லல. அதுக்கு யாரும் மார்க்கும் குறைக்கல. கூடத்தான் கொடுத்தாங்க. அதனாலதான் இதை எழுதறேன்.

ப்ராஜெக்ட் என்னன்னா, பழைய பட வீடியோக்கள்ல இருக்கற தூசி, கீறல், புள்ளி, நாய்ஸ் எல்லாத்தையும் தானாவே நீக்கற ஒரு சிஸ்டம். மூணு பேர் டீம். டேட்டாசெட்ல நல்லா ஓடுச்சு. நிஜமான ஒரு பழைய படத்துல போட்டுப் பார்க்கலாம்னு என் ஹார்ட் டிஸ்க்கைத் தோண்டினேன். செகண்ட் இயர்ல ஒரு சீனியர் கொடுத்த மங்கலான காப்பி ஒண்ணு கிடைச்சுது. 1981ல வந்த ஜப்பானியப் படம். பேரு "சேரா-ஃபுகு டொ கிகான்ஜூ". இங்கிலீஷ்ல "செய்லர் சூட் அண்ட் மெஷின் கன்". செய்லர் சூட்னா கப்பல்காரன் டிரெஸ் இல்ல, ஜப்பான்ல ஸ்கூல் பொண்ணுங்க போடற யூனிஃபார்ம். ஆக, தலைப்பை அப்படியே சொன்னா "ஸ்கூல் யூனிஃபார்மும் மெஷின் கன்னும்".

தலைப்பைக் கேட்டா குப்பைப் படம்னு தோணும். எனக்கும் தோணுச்சு. கதையைச் சொல்றேன், அப்பவும் அப்படித்தான் தோணும். ஹோஷி இசுமின்னு ஒரு ஹைஸ்கூல் பொண்ணு. அப்பா இறந்துட்டார். அதே சமயத்துல மெடாகா-குமின்னு ஒரு சின்ன யகூசா கும்பலோட தலைவரும் சாகறார். மெடாகான்னா வயல் தண்ணியில நீந்தற குட்டி மீன். கும்பலும் அந்த சைஸ்தான், விரல் விட்டு எண்ணிடலாம். ரத்த சம்பந்தம் உள்ளவங்கதான் அடுத்த தலைவர் ஆகணும்ங்கறது அவங்க வழக்கம். அப்பா உயிரோட இருந்திருந்தா அவர். இல்லாததால இந்தப் பொண்ணு. ஒரு நாள் ஸ்கூல் வாசல்ல கறுப்பு டிரெஸ்ல ஆளுங்க வந்து நிக்கறாங்க, எங்க தலைவியா வாங்கன்னு கூப்பிட.

அவ முதல்ல மாட்டேன்னுதான் சொல்றா. நீ வராட்டி நாங்க எதிரி கும்பல் மேல மோதிச் செத்துடறோம்னு அவங்க கிளம்பின பிறகுதான் ஒத்துக்கறா. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவளுக்கு அந்த நாற்காலி மேல ஆசையே கிடையாது. நாலு முட்டாள் மாமாக்கள் சாகக் கூடாதுன்னு உக்கார்றா. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்கு வீட்டுல எல்லாரும் சேர்ந்து என் பேருக்கு நேரா "பி.இ."ன்னு எழுதினப்போ நான் உக்கார்ந்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான். உங்கள்ல பாதிப் பேரும் அப்படித்தான்னு நினைக்கறேன். மீதிப் பாதி நிஜமாவே ஆசைப்பட்டு வந்தவங்க, அவங்களுக்கு என் வணக்கம்.

படத்தோட டைரக்டர் ஷின்ஜி சோமாய். இது அவருக்கு ரெண்டாவது படம். இசுமியா நடிச்சது ஹிரோகோ யாகுஷிமாரு, அப்போ வயசு 17. அந்தக் காலத்துல அவங்க ஜப்பான்ல பெரிய ஸ்டார். தயாரிச்சது கடோகவா. அடிப்படையில அது ஒரு புத்தகக் கம்பெனி. ஜிரோ அககாவாவோட நாவலை விக்கணும், அதே பேர்ல படம் விக்கணும், ஹீரோயினையே பாட வெச்சு ரெக்கார்டும் விக்கணும். மூணும் வித்துச்சு. 1982ல ஜப்பானியப் படங்கள்ல வசூல் முதலிடம் இதுதான். அதாவது இது பக்கா கமர்ஷியல் சரக்கு. அந்தச் சரக்குக்குள்ள சோமாய் என்ன பண்ணி வெச்சிருக்கார்ங்கறதுதான் விஷயம்.

சோமாய் கட் பண்ண மாட்டார். ஒரு சீனைத் தொடங்கினா கேமரா பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், நிமிஷக்கணக்கா. அதுவும் கிட்ட வராது. ஸ்டார் முகத்தைப் பார்க்கக் காசு கொடுத்து வந்த ஜனத்துக்கு, ஸ்டாரைத் தெருவோட அந்தக் கோடியில நிக்க வெச்சுக் காட்டுவார். இசுமி ராத்திரியில பைக் கும்பலோட பின்சீட்ல உக்கார்ந்து போற ஒரு நீள ஷாட் இருக்கு. அதைப் பார்த்து முடிக்கும்போதுதான் நான் அவ்வளவு நேரம் மூச்சு விடாம இருந்தது தெரிஞ்சுது. (இந்தப் படத்துல உதவி இயக்குநரா வேலை பார்த்தவர்கள்ல ஒருத்தர் கியோஷி குரோசாவா. "க்யூர்" பார்த்தவங்களுக்கு இது போதும். பார்க்காதவங்க ராத்திரி தனியா பார்க்காதீங்க.)

இங்கதான் நம்ம சப்ஜெக்ட் வருது. தூரத்துல நிக்கற ஒரு ஆள், தலை மட்டும் ஃப்ரேம் உயரத்துல இருபதுல ஒரு பங்குன்னு வெச்சுக்கங்க. என் ஹார்ட் டிஸ்க்ல இருந்த 480 வரிக் காப்பியில அந்தத் தலைக்குக் கிடைக்கறது 24 வரி. அதுக்குள்ளதான் கண்ணு, மூக்கு, வாய், பயம், சிரிப்பு எல்லாம். அதே ஷாட் 1080ல 54 வரி. 4கே ஸ்கேன்ல 108. குளோஸ்-அப்பா எடுத்துத் தள்ளற டைரக்டர் படத்தை மங்கலாப் பார்த்தாலும் கதை புரிஞ்சுடும், நடிப்பும் புரிஞ்சுடும். சோமாய் படத்தை மங்கலாப் பார்த்தா கதை மட்டும்தான் புரியும். நடிப்பு மொத்தமும் அந்த 24 வரிக்குள்ள மாட்டிக்கிட்டுச் செத்துடும்.

எனக்கு அதுதான் நடந்துச்சு. செகண்ட் இயர்ல பார்த்தப்போ "பரவாயில்ல, கொஞ்சம் இழுவை"ன்னு எங்கேயோ எழுதி வெச்சேன். வெட்கமா இருக்கு.

ரெஸ்டோரேஷன்னா நம்ம ஆளுங்க பல பேர் "பழசைப் புதுசாக்கறது"ன்னு நினைக்கறோம். நடக்கற வேலை வேற. தியேட்டருக்கு வர்ற பிரின்ட், ஒரிஜினல் நெகட்டிவோட காப்பிக்குக் காப்பிக்குக் காப்பி. நெகட்டிவ்ல இருந்து ஒரு பாசிட்டிவ், அதுல இருந்து இன்னொரு நெகட்டிவ், அதுல இருந்து பிரின்ட். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் போகும். நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, எக்ஸாமுக்கு முந்தின நாள் நம்ம கையில வந்து சேருமே, அந்த மாதிரி. அப்புறம் வீடியோ கேசட்ல ஏறும்போது இன்னும் போகும். ரெஸ்டோர் பண்றவங்க கடைசி ஜெராக்ஸை வெள்ளையடிக்கறது இல்ல. முதல் நோட்டைத் தேடிப் போறாங்க. கிடைக்கறதுல ஆரம்பத்துக்கு ரொம்பக் கிட்ட இருக்கற ஃபிலிமை எடுத்து, கழுவி, ஒவ்வொரு ஃப்ரேமா ஸ்கேன் பண்றாங்க. விநாடிக்கு 24 ஃப்ரேம். இந்தப் படம் 112 நிமிஷம். பெருக்கினா ஒரு லட்சத்து அறுபத்தோராயிரத்துச் சொச்சம் படம்.

கடோகவா இதை 4கேல ஸ்கேன் பண்ணி ரெஸ்டோர் பண்ணாங்க. 2021ல ஆரோ வீடியோ அதை ப்ளூ-ரேயா வெளியிட்டாங்க. ஜப்பான்ல வேலை பார்க்கற ஒரு சீனியர் அண்ணா லீவுக்கு ஊருக்கு வந்தப்போ டிஸ்க்கையும் பிளேயரையும் தூக்கிட்டு வந்திருந்தார். அவங்க வீட்டு ஹால்ல, அவங்க அம்மா ரெண்டு தடவை காபி கொண்டு வந்து "இன்னும் முடியலையா"ன்னு கேட்டுட்டுப் போக, நான் அந்தப் படத்தை முதல் தடவையாப் பார்த்தேன். ரெண்டாவது தடவைன்னு சொல்ல மனசு வரல.

இனிமே கதையோட முடிவெல்லாம் வரும். பார்க்கணும்னு நினைக்கறவங்க இங்கேயே நிறுத்திட்டு, பார்த்துட்டு வாங்க. பரவாயில்லன்னா தொடருங்க.

படத்துல எல்லாரும் பேசற சீன் ஒண்ணு இருக்கு. இசுமி எதிரியோட ஆபீஸுக்குப் போய், ஹெராயின் இருக்கற பாட்டில்களை மெஷின் கன்னால சுட்டுத் தூளாக்கறா. ஸ்லோ மோஷன். கண்ணாடி பறக்குது. சுட்டு முடிச்சுட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்றா: "காய்கான்". பரம சுகம்னு அர்த்தம் வெச்சுக்கலாம். அந்த வார்த்தை ஜப்பான் முழுக்கப் பரவுச்சு. ஆனா ஷூட்டிங்ல உடைஞ்ச பாட்டிலோட ஒரு துண்டு நிஜமாவே பறந்து வந்து யாகுஷிமாருவோட முகத்துல கீறிடுச்சு. மூக்குக்குப் பக்கத்துல. கேமரா ஓடிட்டே இருந்துச்சு, அந்த டேக்கையே படத்துலயும் வெச்சுட்டாங்க. "காய்கான்"னு சொல்லும்போது அவங்க முகத்துல இருக்கற ரத்தம் மேக்கப் இல்ல.

இப்போ எங்க ப்ராஜெக்ட்டுக்கு வர்றேன். இந்த சீனைத்தான் நான் அன்னிக்கு ராத்திரி உள்ள போட்டேன்.

எங்க சிஸ்டத்துல ரெண்டு பகுதி. முதல் பகுதி தூசியைக் கண்டுபிடிக்கும். ஃபிலிம் மேல விழற தூசி ஒரு ஃப்ரேம்ல இருக்கும், முன்னாடி ஃப்ரேம்லயும் பின்னாடி ஃப்ரேம்லயும் இருக்காது. அப்படி ஒரே ஃப்ரேம்ல திடீர்னு வந்து போறதை எல்லாம் எடுத்துட்டு, பக்கத்து ஃப்ரேம்களை வெச்சு அந்த இடத்தை நிரப்பிடும். கேக்க புத்திசாலித்தனமா இருக்குல்ல? யோசிச்சுப் பாருங்க, ஒரே ஃப்ரேம்ல வந்து போறது தூசி மட்டும்தானா? மழைத்துளி, தீப்பொறி, பறக்கற கண்ணாடித் துண்டு எல்லாம் அப்படித்தான். எங்க அவுட்புட்ல இசுமி சுட்டா பாட்டில் உடையுது, ஆனா துண்டு பாதிக்கு மேல காணோம். பாட்டில் இருந்த இடத்துல ஒரு மாதிரி பனி.

ரெண்டாவது பகுதி நாய்ஸ் எடுக்கற நெட்வொர்க். அதுக்குத்தான் நாங்க ஆறு வாரம் செலவு பண்ணோம். அது அந்த ரத்தக் கோட்டைத் தோல் நிறத்துல பூசி மெழுகிடுச்சு. ஏன்னு புரிஞ்சுக்க ரொம்ப நேரம் ஆகல. மீன் ஸ்கொயர்டு எரர் குறையணும்னு சொல்லி வளர்த்த நெட்வொர்க், சந்தேகம் வந்தா எல்லா சாத்தியத்துக்கும் சராசரியை எழுதும். மங்கலான காப்பியில ஒரு கன்னத்து மேல மெலிசா ஒரு கோடு. கோடா, நாய்ஸா? சராசரி பார்த்தா வெறும் கன்னம். பளபளன்னு, மெழுகு பொம்மை மாதிரி.

எங்க டெஸ்ட் செட்ல பி.எஸ்.என்.ஆர். முந்தின வெர்ஷனை விட ரெண்டு டெசிபல் கூடியிருந்துச்சு. அதைத்தான் ஸ்லைடுல போட்டோம். பேனல்ல எல்லாருக்கும் சந்தோஷம். நானும் வாயைத் திறக்கல.

இது எங்க தப்பு மட்டும்னா இவ்வளவு நீளமா எழுதியிருக்க மாட்டேன். 2010ல வந்த "பிரிடேட்டர்" ப்ளூ-ரேல அர்னால்டை மெழுகாக்கினதை இன்னிக்கும் ரசிகர்கள் மறக்கல. 2024ல ஜேம்ஸ் கேமரூனோட "ட்ரூ லைஸ்" 4கேல வந்தப்பவும் அதே சண்டை. இத்தனைக்கும் அவங்ககிட்ட பணம் இருக்கு, நெகட்டிவ் இருக்கு, டைரக்டரே உயிரோட இருக்கார். "கிளீனா இருக்கு"ங்கற ஒரே வார்த்தை எல்லாத்தையும் ஜெயிச்சுடுது. நம்ம யூடியூப்ல "4கே 60 எஃப்.பி.எஸ். ஏஐ ரீமாஸ்டர்"னு வர்ற பழைய பாட்டுகளைப் பாருங்க, கமென்ட்ல எல்லாரும் நெருப்பு எமோஜி. கொஞ்சம் கிட்டப் போய் அந்த முகங்களைப் பாருங்க.

ஃபிலிம் கிரெயின் பத்தி ஒரு வார்த்தை. டிஜிட்டல் கேமராவுல வர்ற நாய்ஸ் மாதிரி அது படத்து மேல வந்து ஒட்டினதுன்னு நான் நினைச்சிருந்தேன். அப்படிக் கிடையாது. ஃபிலிம்ல வெளிச்சத்தைப் பிடிக்கறதே வெள்ளி உப்போட குட்டிக் குட்டிப் படிகங்கள்தான். கலர் ஃபிலிம்ல டெவலப் பண்ணும்போது ஒவ்வொண்ணைச் சுத்தியும் ஒரு சாய மேகம் உருவாகும், வெள்ளியைக் கழுவி எடுத்துடுவாங்க. அந்த மேகங்களோட கூட்டம்தான் படம். கிரெயினை முழுசா எடுத்துட்டு அடியில இருக்கற "நிஜப் படத்தை" பார்க்கலாம்னா, அடியில ஒண்ணும் இல்ல. கோலத்துல இருந்து மாவை எடுத்துட்டுக் கோலத்தை மட்டும் வெச்சுக்கறேன்னு சொல்ற கதை.

அப்போ எதையுமே தொடக் கூடாதான்னு எங்க டீம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. தொடலாம். படம் எடுத்து முடிச்ச பிறகு வந்து சேர்ந்த சேதத்தைத் தொடலாம். புரொஜெக்டர் போட்ட கீறல், பெட்டியில படிஞ்ச தூசி, சாயம் வெளுத்துப் போய் எல்லாரும் ரோஸ் கலர்ல திரியறது, ஒட்டுப் போட்ட இடத்துல படம் துள்ளறது, இதெல்லாம் போகட்டும். கேமரா ஓடினப்போ கேமரா முன்னாடி நடந்ததை, அந்த ஃபிலிம்லயே பதிஞ்சதை, கைவைக்கக் கூடாது. யாகுஷிமாரு முகத்துல விழுந்ததும் கீறல், பிரின்ட் மேல விழுந்ததும் கீறல். மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணு. வித்தியாசம் தெரிஞ்ச ஒரு மனுஷன் உக்கார்ந்து, ஃப்ரேம் ஃப்ரேமாப் பார்த்து, "இது இருக்கட்டும்"னு சொல்லணும். அது போரான வேலை, காசு பிடிக்கற வேலை. டிஸ்க்ல நான் பார்த்தப்போ கண்ணாடித் துண்டுகள் அங்கேயே இருந்துச்சு, ரத்தமும் இருந்துச்சு. யாரோ ஒருத்தர் "இருக்கட்டும்"னு சொல்லியிருக்கார்.

டீம்மேட் விடல. "டைரக்டர்கிட்ட அன்னிக்கு இந்த டெக்னாலஜி இருந்திருந்தா அவரே துடைச்சிருப்பார்டா." இருக்கலாம். ஆனா சோமாய் 2001லயே, 53 வயசுல இறந்துட்டார். கேக்க முடியாத ஆள் பேர்ல முடிவு எடுக்கும்போது, கம்மியா எடுக்கறதுதான் மரியாதை. ஸ்கேன் பண்ண ஒரிஜினல் ஃபைலைத் தொடாம தனியா வெச்சுடணும், நாளைக்கு வர்றவன் நம்மளை விட நல்லாப் பண்ணட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அதைச் சொல்லாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி. 17 வயசுப் பொண்ணு முகத்துக்கு முன்னாடி கண்ணாடியை வெடிக்க வெச்சிருக்காங்க. கொஞ்சம் மேல பட்டிருந்தா கண்ணு. அதே படத்துல அவங்களைக் கிரேன்ல கட்டித் தொங்க விட்டு சிமென்ட் குழம்புல முக்கற சீனும் இருக்கு. சோமாய் சின்ன வயசு நடிகர்களைப் பிழிஞ்சு எடுப்பார்னு பேர் வாங்கினவர். "ஆஹா, என்ன அர்ப்பணிப்பு"ன்னு என்னால கைதட்ட முடியல. நம்ம ஒர்க்ஷாப்ல கண்ணாடி போடாம லேத் மேல கை வெச்சா என்ன திட்டு விழும்? ஆனா அதுக்காகவும்தான் அந்த ரத்தம் அங்க இருக்கணும்ங்கறேன். துடைச்சுட்டா, அப்படி ஒண்ணு நடந்ததுக்குப் படத்துக்குள்ள சாட்சியே இல்லாமப் போயிடும். மெழுகு முகத்தோட ஒரு அழகான பொண்ணு ஜாலியா துப்பாக்கி சுடுவா. கடோகவா போஸ்டர்ல விக்க நினைச்சதும் அந்தப் பொண்ணைத்தான்.

இன்னொண்ணு, எது ஒரிஜினல்ங்கற குழப்பம். 112 நிமிஷப் படம் ஹிட் ஆனதும், 1982ல "முழு வடிவம்"னு 131 நிமிஷத்துக்கு ஒண்ணு விட்டாங்க. ஆரோ டிஸ்க்ல ரெண்டும் இருக்கு. நான் சின்னது கட்சி. நீளமானதுல சில விஷயம் தெளிவாகுது, ஆனா இந்தப் படத்துக்குத் தெளிவு அவ்வளவு அவசியம்னு எனக்குத் தோணல.

முடிவுக்கு வர்றேன். கும்பல்ல இசுமிக்குத் துணையா இருந்த சகுமா, ட்சுனெஹிகோ வடாசே நடிச்சது, யகூசா வாழ்க்கையை விட்டுட்டுச் சாதாரண வேலைக்குப் போறான். அப்புறம் யாரோட சண்டையையோ விலக்கப் போய்க் கத்திக் குத்துல செத்துடறான். அடையாளம் காட்ட இசுமியைக் கூப்பிடறாங்க. அவ அந்தப் பிணத்துக்கு முத்தம் கொடுக்கறா. அதான் அவளோட முதல் முத்தம். மங்கலான காப்பியில இது எனக்கு ஒரு மாதிரி அசிங்கமா இருந்துச்சு. அந்த ஹால்ல பார்த்தப்போ, அவ குனியறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் சும்மா நிக்கறான்னு பார்த்தேன். அந்த நிக்கறதுதான் சீன்.

கடைசியில ஷின்ஜுகு தெரு. இசுமி யூனிஃபார்ம்ல, காலுல மட்டும் சிவப்பு ஹை ஹீல்ஸ். குழந்தைங்களோட சேர்ந்து மெஷின் கன் சுடற மாதிரி விளையாடறா. கீழே இருந்து வர்ற காத்துல பாவாடை பறக்குது. கேமரா எங்கேயோ தூரத்துல ஒளிஞ்சிருக்கு, தெருவுல போற ஜனம் எல்லாம் நிஜ ஜனம். என் பழைய காப்பியில அவங்க நகர்ற சாம்பல் கலர் திட்டுகள். டிஸ்க்ல ஒவ்வொருத்தரா பார்க்கலாம். யாரு நின்னு பார்க்கறாங்க, யாரு கண்டுக்காமப் போறாங்க, யாரு இது என்னடா பைத்தியம்னு திரும்பறாங்க. 40 வருஷத்துக்கு முன்னாடி ஏதோ வேலையா அந்தப் பக்கம் போன ஆளுங்க. அவங்கள்ல வேகமா குறுக்கே போற ஒருத்தரை எங்க சிஸ்டம் தூசின்னு நினைச்சுத் துடைச்சுடும்னு எனக்கு நிச்சயமாத் தெரியும், ஏன்னா மறுநாளே அதையும் ஓட்டிப் பார்த்தேன்.

மூணாவது ரிவ்யூ அடுத்த புதன்கிழமை. இந்தத் தடவை ஸ்லைடுல டெசிபலுக்குப் பக்கத்துலயே ரெண்டு ஃப்ரேம் வைக்கறோம், ரத்தம் இருக்கறது ஒண்ணு, இல்லாதது ஒண்ணு. அதோட, கண்டுபிடிச்ச ஒவ்வொண்ணையும் துடைக்கறதுக்கு முன்னாடி பயனர்கிட்ட காட்டி, வேணுமா வேண்டாமான்னு கேக்கற ஒரு ஸ்கிரீன் சேர்த்திருக்கோம். "அப்போ இது ஆட்டோமேட்டிக் இல்லையேப்பா"ன்னு கைடு சொன்னார். இல்ல சார்னு சொன்னேன். தலைப்புல இருந்து அந்த வார்த்தையை எடுக்க டிபார்ட்மென்ட்ல ஒரு லெட்டர் கொடுக்கணுமாம், அதை நாளைக்கு எழுதணும்.